எத்தனை தலைமுறைக் குளிர்? கற்பனை மக்களைப் படைக்க ஒரு வழிகாட்டி

மிகுபுனைவுக் (ஃபேன்டஸி) கதை எழுத ஆரம்பிக்கிறவர்கள் சிலர் தங்கள் முதல் வரைவை என்னிடம் படிக்கக் கொடுப்பதுண்டு. அவற்றில் அடிக்கடி ஒரு பனிமலை வரும். மலையில் நெடுநெடுவென்று உயர்ந்த, ஒல்லியான, வெள்ளைவெளேர் என்ற மக்கள் இருப்பார்கள். அவர்களுக்கு ஒரு ராஜா, ஒரு வாள், ஒரு சாபம் எல்லாம் இருக்கும். "ராத்திரி என்ன சாப்பிடுவார்கள்? அடுப்பில் எதை எரிப்பார்கள்? அந்த மலைக்கு எப்போது வந்தார்கள்?" என்று கேட்டால்தான் எழுதியவர் யோசிக்க ஆரம்பிப்பார். அந்த யோசனையைக் கதை எழுதுவதற்கு முன்பே செய்து முடிக்க ஒரு வழி சொல்லித்தருகிறேன்.

நான் சேலத்தில் வளர்ந்தவள். உறைபனி பார்த்துப் பழகிய ஊர் இல்லை எங்களுடையது. ஆனால் சேர்வராயன் மலை பக்கத்திலேயே இருக்கிறது. சேலம் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 280 மீட்டர், ஏற்காடு 1,500 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு, ஆறரை டிகிரி குறையும் என்பது பொதுக்கணக்கு. அடிவாரத்தில் வேர்த்து வழிந்தவர்கள் இருபதாவது கொண்டை ஊசி வளைவுக்குள் பஸ் ஜன்னலை இறக்கி மூடுவது அந்த எட்டு டிகிரிக்காகத்தான். குளிர் மனிதரை என்ன செய்கிறது என்று பார்க்க அது ஒரு சின்னப் பள்ளிக்கூடம். சைபீரியா, கிரீன்லாந்து, திபெத் எல்லாம் பெரிய பள்ளிக்கூடங்கள். அங்கே மனிதர்கள் படித்த பாடம் நமக்கு நிறையவே கிடைத்திருக்கிறது.

முதல் படி: தலைமுறையை எண்ணுங்கள்

உங்கள் மக்கள் அந்தக் குளிரில் எத்தனை தலைமுறையாக இருக்கிறார்கள்? நோட்டில் முதலில் எழுத வேண்டிய எண் இது. தலைமுறைக்கு 25 வருடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆயிரம் வருடம் என்றால் 40 தலைமுறை, பத்தாயிரம் என்றால் 400.

எது எவ்வளவு வேகத்தில் மாறும் என்று இந்த எண்தான் சொல்லும். உடை ஒரே குளிர்காலத்தில் மாறிவிடும். வீடும் சாப்பாடும் ஒன்றிரண்டு தலைமுறையில் மாறும். சாமியும் பாட்டும் சொற்களும் அதைவிட மெதுவாக நகரும். எலும்பும் தோலும் இரத்தமும் மாறப் பெரும்பாலும் நூற்றுக்கணக்கான தலைமுறை வேண்டும். புதிதாக எழுதுகிறவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: உடம்பை முதலில் மாற்றிவிட்டு, சாப்பாட்டையும் பேச்சையும் சமவெளியில் இருந்தபடியே விட்டுவிடுகிறார்கள்.

கையில் மூன்று அளவுகோல் வைத்துக்கொள்ளலாம். முதலாவது நம் பக்கத்திலேயே இருக்கிறது. சேர்வராயன் மலையில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்கள் (கேரளத்து மலையாளிகள் வேறு, இவர்கள் பேசுவது தமிழ்) தங்கள் முன்னோர் காஞ்சிபுரம் பக்கத்திலிருந்து வந்ததாகச் சொல்கிறார்கள். அண்ணன் தம்பிகள் மூவர் ஆளுக்கொரு மலைப்பக்கம் பிரிந்துபோனார்கள் என்பது கதை. தலைமுறை தலைமுறையாக வாய்வழி வந்த கதை அது. அந்த அளவு காலத்தில் உடம்பு மாறாது. பயிரும் வீடும் திருவிழாவும் மலைக்கேற்றபடி அமைந்துவிடும். புறப்பட்ட ஊரின் பெயர் மட்டும் கதைக்குள் பத்திரமாக இருக்கும்.

இரண்டாவது அளவுகோல் ஆர்க்டிக் பகுதியின் இனூயிட் மக்கள். அவர்களுடைய முன்னோர் வடகோடிக் குளிரில் பல ஆயிரம் ஆண்டுகள் கழித்தவர்கள். உடம்பு கொஞ்சம் மாறியிருக்கிறது, கைத்தொழிலோ எங்கேயோ போயிருக்கிறது. மூன்றாவது நியாண்டர்தால் மனிதர்கள். ஏறக்குறைய நான்கு லட்சம் ஆண்டுகளுக்கு முன்பிருந்து 40,000 ஆண்டுகளுக்கு முன்புவரை ஐரோப்பாவிலும் மேற்கு ஆசியாவிலும் வாழ்ந்தவர்கள். அவர்களுடைய எலும்புக்கூடே நம்முடையதிலிருந்து வேறுபட்டது.

லட்சம் ஆண்டு என்பதை மனதில் வாங்கிக்கொள்வது கஷ்டம். எனக்கு உதவியது ஏற்காட்டின் ஹோலி டிரினிட்டி தேவாலயம். 1863-ல் பல்லாவரத்தில் கற்காலக் கைக்கோடரியைக் கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் ஃபூட் கடைசிக் காலத்தில் ஏற்காட்டில் வாழ்ந்தார், அவருடைய நினைவிடம் அங்கே இருக்கிறது. அவர் தேடிப்போன இடங்களில் ஒன்றான அத்திரப்பாக்கத்தில் கிடைத்த கருவிகளின் வயது சுமார் 15 லட்சம் ஆண்டு என்று பின்னால் கணித்தார்கள். அதே வகைக் கைக்கோடரியைத் தலைமுறை தலைமுறையாக, பல்லாயிரம் தலைமுறை, மாற்றமில்லாமல் செய்துகொண்டே இருந்திருக்கிறார்கள். காலத்தை இப்படிக் கையில் பிடித்துப் பார்த்தபிறகு "ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் பனிதேசம் வந்து, உடல் முழுக்க ரோமம் முளைத்தவர்கள்" என்று எழுதக் கை வராது.

சரி, நாம் இரண்டு மக்களைச் செய்து பார்ப்போம். வாடைக்காற்று வீசும் வடக்கில் 8,000 தலைமுறையாக, அதாவது இரண்டு லட்சம் ஆண்டுகளாக இருப்பவர்கள் வாடையர். தெற்கே வெயில் நாட்டிலிருந்து 120 தலைமுறைக்கு முன்பு, மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு, வந்து சேர்ந்தவர்கள் கூதிரர். கூதிர் நம் பழைய பருவப் பெயர், ஐப்பசி கார்த்திகைக் குளிர்.

இரண்டாம் படி: உடம்பு, களி உருண்டைக் கணக்கு

எங்கள் வீட்டில் ராகிக் களி கிண்டினால் அப்பாவுக்குப் பெரிய உருண்டை, எனக்குச் சின்னது. என்னுடையது ஆறிப்போன பிறகும் அப்பாவின் உருண்டையைப் பிட்டால் நடுவில் ஆவி பறக்கும். தட்டில் பரப்பிவிட்டால் எவ்வளவு களியானாலும் சீக்கிரம் ஆறிவிடும். குளிர்தேச உடம்பைப் பற்றிய இரண்டு விதிகள் இந்தத் தட்டிலேயே இருக்கின்றன.

1847-ல் ஜெர்மானியர் கார்ல் பெர்க்மான் சொன்னது: நெருங்கிய உறவுள்ள விலங்குகளில் குளிர்ப் பகுதியில் வாழ்பவை பெரிதாக இருக்கும். பக்கம் 1 கொண்ட கனசதுரத்துக்கு மேற்பரப்பு 6, கனஅளவு 1. பக்கத்தை 2 ஆக்கினால் மேற்பரப்பு 24, கனஅளவு 8. சூட்டை உண்டாக்கும் உள்பகுதி எட்டு மடங்கு கூடியது, சூட்டை இழக்கும் மேல்பகுதி நான்கு மடங்குதான் கூடியது. 1877-ல் அமெரிக்கர் ஜோயல் ஆலன் சொன்னது: குளிரில் காது, வால், கைகால் குட்டையாகும். பரப்பிய களி ஆறுவதுபோல, நீண்ட கைகால் சூட்டை வெளியே விட்டுவிடும்.

மனிதர்களிலும் இந்தப் போக்கு தெரிகிறது. நியாண்டர்தால்களுக்கு அகன்ற மார்பு, குட்டையான முன்கை, குட்டையான கீழ்க்கால். தெற்கு சூடானின் டிங்கா மக்கள் நெடிய, ஒல்லியான உடலும் நீண்ட கைகால்களும் கொண்டவர்கள். ஆக, நெடுநெடு ஒல்லி மனிதர்களை நீங்கள் வைக்க வேண்டிய இடம் வெயில் சமவெளி. குளிரும் வறட்சியும் சேர்ந்த இடங்களில் மூக்குத் துவாரம் குறுகலாக இருக்கும் போக்கும் உண்டு. உள்ளே போகும் காற்றைச் சூடாக்கி ஈரமாக்கும் வேலை மூக்குக்கு அங்கே அதிகம்.

எந்த உடலமைப்பைக் கொடுத்தாலும் அதன் விலையையும் சேர்த்தே எழுதுங்கள். பெரிய உடம்புக்குப் பெரிய பானை வேண்டும். வாடையர் அகன்று கட்டுமஸ்தாக இருந்தால் கூதிரரைவிட அதிகம் சாப்பிட வேண்டியிருக்கும், பஞ்சம் அவர்களை முதலில் கொல்லும். கிரீன்லாந்து இனூயிட் மக்களிடம் கொழுப்புச் சாப்பாட்டைச் சமாளிக்க உதவும் மரபணு மாற்றங்களை 2015-ல் வெளியான ஆய்வு காட்டியது. அவற்றுக்கு உயரம் குறைவதோடும் தொடர்பு இருந்தது. இயற்கை ஒன்றைத் தூக்கினால் இன்னொன்றை இறக்கும். கதைக்கு அந்த இறக்கம்தான் அதிகம் உதவும்.

கூதிரரைப் பொறுத்தவரை இந்தப் படி சீக்கிரம் முடிந்துவிடும். 120 தலைமுறையில் பெரிதாக எதுவும் மாறியிருக்காது. தெற்கே இருக்கும் சொந்தக்காரர்களைப் போலவேதான் இருப்பார்கள்.

மூன்றாம் படி: ஊசி

மார்கழி விடியலில் ஏற்காட்டுக்கு பைக்கில் போயிருக்கிறீர்களா? ஒருமுறை ஸ்வெட்டரை நம்பி ஏறினேன். பத்தாவது வளைவுக்குள் குளிர் எங்கிருந்து வருகிறது என்று துல்லியமாகத் தெரிந்துவிட்டது. மணிக்கட்டு வழியாக, கழுத்து வழியாக, பொத்தானுக்கும் பொத்தானுக்கும் நடுவே. ஒரு டீக்கடையில் நின்றபோது கடைக்காரர் அண்ணா பழைய செய்தித்தாளை மடித்துக் கொடுத்து, "சட்டைக்குள்ள நெஞ்சுல வெச்சுக்கம்மா" என்றார். வைத்துக்கொண்டேன், மேலே போகும்வரை நெஞ்சில் காற்று படவில்லை. ஆனால் மணிக்கட்டில் எரிச்சல் நிற்கவில்லை.

போர்த்திக்கொள்வதும் தைத்துப் போடுவதும் வேறு வேறு. போர்வைக்கு இடைவெளி உண்டு. அளவெடுத்துத் தைத்த உடைக்குக் கழுத்திலும் கையிலும் இறுக்கம் உண்டு. அதற்கு ஊசி வேண்டும். சைபீரியாவில் கிடைத்த காதுள்ள எலும்பு ஊசிகள் சுமார் 40,000 ஆண்டுப் பழமையானவை. அதே சைபீரியாவில் யானா நதிக்கரையில், ஏறக்குறைய 71 பாகை வட அட்சரேகையில், 30,000 ஆண்டுகளுக்கும் முன்பே மனிதர்கள் வாழ்ந்திருக்கிறார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து வந்த, வெயிலுக்கு ஏற்ற உடம்போடுதான் அங்கே போனார்கள். ஊசியும் நெருப்பும் மற்றதைப் பார்த்துக்கொண்டன.

இனூயிட் உடையை ஒரு பாடமாகவே எடுத்துக்கொள்ளுங்கள். காட்டுக் கலைமானின் தோலில் இரண்டு அடுக்கு. உள்ளடுக்கில் ரோமம் உடம்பைப் பார்த்து, வெளியடுக்கில் ரோமம் வெளியே பார்த்து. நூலுக்குப் பதில் விலங்கின் தசைநார். நனைந்தால் அது உப்பித் துளையை அடைத்துக்கொள்ளும். உடை தளர்வாக இருக்கும், ஏனென்றால் கடுங்குளிரில் வேர்ப்பது ஆபத்து. வேர்வை ஈரமாகி, ஈரம் உறைந்து, ஆளைக் கொன்றுவிடும். ஓடுகிற காட்சி எழுதும்போது இதை மறக்காதீர்கள். உங்கள் வீரன் பனியில் வேகமாக ஓடி வேர்த்து நின்றால் அடுத்த பத்தியில் அவனை யாராவது காப்பாற்றியாக வேண்டும்.

ஒரு தையல் விட்டுப்போனால் வேட்டைக்குப் போன ஆள் திரும்பமாட்டான். ஆகவே அங்கே தைக்கிறவருக்கு இருக்கும் மரியாதை வேட்டைக்காரருக்குக் குறைந்ததாக இருக்க முடியாது. கூதிரர் ஊரில் முதல் மரியாதை யாருக்கு என்று கேட்டால் நான் ஊசிக்காரக் கிழவிக்கு என்பேன். சீதனமாக எலும்பு ஊசி, சண்டை மூண்டால் முதலில் ஒளித்துவைக்கும் பொருளும் ஊசிப்பெட்டி. தறிச்சத்தத்தில் வளர்ந்த சேலத்துக்காரர்களுக்கு இது சுலபமாகப் புரியும்.

எல்லாக் குளிர்தேச மக்களும் இதே வழியில் போகவில்லை. தென் அமெரிக்காவின் தென்முனையில் யாகான் மக்கள் மிகக் குறைந்த உடையோடு வாழ்ந்தார்கள். உடம்பில் கொழுப்பைத் தடவிக்கொண்டார்கள், படகுக்குள்ளேயும் நெருப்பை அணையாமல் வைத்திருந்தார்கள். 1520-ல் மாலுமி மெகல்லன் அந்தக் கரையின் நெருப்புகளைக் கண்டதால்தான் அந்த நிலத்துக்குத் தீ நிலம் என்ற பொருளில் டியெரா டெல் ஃபுவேகோ என்று பெயர் வந்தது. குளிருக்கு ஒரே விடை கிடையாது. உங்கள் மக்களின் விடை எது என்று முடிவு செய்து, அதை விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: உலையும் விளக்கும்

இங்கே நமக்கு ஒரு நல்ல கருவி ஏற்கனவே இருக்கிறது. தொல்காப்பியம் ஒரு நிலத்தின் கருப்பொருள் என்று தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் இவற்றை அடுக்குகிறது. நிலமும் பொழுதும் முதலில், மற்றதெல்லாம் அதிலிருந்து பிறப்பவை. புது உலகம் படைக்க இதைவிட நல்ல படிவத்தை நான் பார்த்ததில்லை. எட்டையும் ஒரு தாளில் எழுதி உறைபனி நிலத்துக்கு நிரப்பிப் பாருங்கள். மரம் என்ற கட்டத்தில் "இல்லை" என்று எழுத வேண்டி வரலாம். அந்த "இல்லை"தான் கதையின் தங்கச் சுரங்கம்.

மரம் இல்லையென்றால் எதை எரிப்பது, எதைக் கொண்டு வீடு கட்டுவது? உக்ரைனில் மெசிரிச் என்ற இடத்தில் சுமார் 15,000 ஆண்டுகளுக்கு முன்பு மாமூத் என்ற பனியுக ரோம யானையின் எலும்புகளை அடுக்கிக் குடிசை கட்டியிருக்கிறார்கள். இனூயிட் வீடுகளில் சீல் கொழுப்பை ஊற்றி, பாசியைத் திரியாக்கிக் கல்விளக்கு எரிப்பார்கள். வெளிச்சம், சூடு, சமையல், துணி உலர்த்தல் எல்லாம் அந்த ஒரே விளக்கில். பனிக்கட்டி வீட்டுக்கு நுழையும் வழி உட்காரும் மேடையைவிடத் தாழ்வாக இருக்கும். குளிர்ந்த காற்று கனமானது, கீழேயே தங்கிவிடும்.

சாப்பாட்டில் பலர் கோட்டைவிடும் இடம் கொழுப்பு. கொழுப்பில்லாத கறியை மட்டுமே தின்று மனிதன் உயிர்வாழ முடியாது. முயல் கறியாலேயே வயிறு நிறைந்தும் நோயில் விழுந்து சாவதுண்டு. அதனால் பனிநாட்டில் விருந்தாளிக்குக் கொடுக்கும் உயர்ந்த பங்கு கொழுப்புத்துண்டுதான். நம் ஊரில் பாயசம் இருக்கும் இடத்தில் அங்கே அது இருக்கும். காயும் பழமும் இல்லாத இடத்தில் இனூயிட் மக்களுக்கு வைட்டமின் சி கிடைத்தது திமிங்கிலத் தோல், பச்சை ஈரல் போன்றவற்றிலிருந்து. எல்லாவற்றையும் வேகவைத்தே தின்னும் பழக்கத்தோடு தெற்கிலிருந்து வந்த கூதிரர், பச்சையாகத் தின்பதைக் கற்றுக்கொண்ட முதல் தலைமுறையை நினைத்துப் பாருங்கள். பல்லிலிருந்து இரத்தம் கசியும் பிள்ளைக்கு மாமியார் ஊட்டுகிறாள், மருமகள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். அதை வைத்தே ஒரு அத்தியாயம் எழுதலாம்.

வெளிச்சத்தை மட்டும் மறந்துவிடாதீர்கள். சேலத்தில் வருடத்தின் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஒன்றரை மணி நேரம்கூட இல்லை. அதனால் தமிழில் எழுதுகிற நமக்குப் பகல் நீளம் ஒரு விஷயமாகவே தோன்றுவதில்லை. 70 பாகை வடக்கில் குளிர்காலத்தில் ஏறக்குறைய இரண்டு மாதம் சூரியன் உதிப்பதே இல்லை. "விடிந்ததும் கிளம்பினான்" என்று அங்கே எழுத முடியாது.

ஐந்தாம் படி: வந்த வழியை வரையுங்கள்

குளிருக்குப் போக வேண்டும் என்று யாரும் கிளம்பிப் போவதில்லை. மான் கூட்டம் நகர்ந்தது, பின்னாலேயே போனார்கள். தம்பிக்கு வேட்டைக்காடு போதவில்லை, அடுத்த பள்ளத்தாக்குக்குப் போனான். வருடத்துக்கு ஒரு கிலோமீட்டர் என்றால் ஒரு தலைமுறைக்கு 25 கிலோமீட்டர். சேலத்திலிருந்து நாமக்கல் போகும் தூரத்தில் பாதி. அந்த நடையிலேயே பத்தாயிரம் வருடத்தில் பத்தாயிரம் கிலோமீட்டர் கடந்துவிடலாம், யாரும் "இடம்பெயர்ந்தோம்" என்று உணராமலேயே.

ஆசியாவையும் அமெரிக்காவையும் இணைத்த பெரிங்கியா அப்படிப்பட்டது. கடைசிப் பனியுகத்தின் உச்சத்தில் கடல்மட்டம் சுமார் 120 மீட்டர் தாழ்ந்திருந்தது, இன்றைய பெரிங் நீரிணை இருக்கும் இடம் அகன்ற புல்வெளியாக இருந்தது. அங்கே வேட்டையாடியவர்களுக்கு அது பாலமாகத் தெரிந்திருக்காது, வெறும் ஊர்தான். பிறகு கடல் ஏறியது.

வரைபடத்தில் நான்கைந்து நிறுத்தங்கள் குறியுங்கள். ஒவ்வொரு நிறுத்தத்திலிருந்தும் ஒரு பொருளோ சொல்லோ பயமோ உங்கள் மக்களோடு வந்திருக்க வேண்டும். கூதிரர் தாலாட்டில் யானை வருகிறது. மூவாயிரம் ஆண்டாக அவர்களில் ஒருவர்கூட யானையைப் பார்த்ததில்லை. பாட்டில் அது மூக்கால் பனி அள்ளும் ஏதோ ஒரு மிருகம். சேர்வராயன் மலைக்காரர்களின் கதையில் காஞ்சிபுரம் நிற்பதுபோல, அவர்களுடைய பாட்டில் யானை நிற்கிறது.

ஆறாம் படி: பெண் கொடுப்பதும் எடுப்பதும்

கூதிரர் வந்தபோது வாடையர் அங்கே இருந்தார்கள். இரண்டு மக்கள் சந்தித்தால் சண்டையை மட்டும் எழுதுகிறோம், உண்மையில் கல்யாணமும் நடந்தது. ஆப்பிரிக்காவுக்கு வெளியே உள்ள மக்களின் மரபணுவில், தமிழர்களையும் சேர்த்து, ஒன்றிலிருந்து இரண்டு சதவீதம் நியாண்டர்தால்களிடமிருந்து வந்தது. சைபீரியாவின் டெனிசோவா குகையில் கிடைத்த ஒரு விரல் எலும்பை வைத்து 2010-ல் டெனிசோவர் என்ற இன்னொரு மக்களைக் கண்டுபிடித்தார்கள். திபெத்தியர்கள் உயர்ந்த மலையில் இரத்தம் கெட்டியாகாமல் வாழ உதவும் மரபணு வடிவம் அந்த டெனிசோவர் வழியாக வந்தது என்று 2014-ல் தெரிந்தது. புதிதாக வந்தவர்களுக்கு மலை உடம்பு கல்யாணத்தின் மூலமாகவே கிடைத்திருக்கிறது. முதல் படியில் சொன்ன மெதுவான கணக்குக்கு இது ஒரு குறுக்குவழி. உங்கள் கூதிரரில் சிலருக்கு மட்டும் வாடையரின் அகன்ற மார்பு இருக்கட்டும். அதை அவர்கள் பெருமையாகச் சொல்வார்களா, மறைப்பார்களா என்று யோசியுங்கள்.

கல்யாணம் நடக்காமல் போனாலும் கதை உண்டு. டெனிசோவா குகையில் கிடைத்த ஒரு நியாண்டர்தால் பெண்ணின் பெற்றோர் மிக நெருங்கிய இரத்த உறவினர் என்று அவளுடைய மரபணு காட்டியது. சின்னக் கூட்டம், வெளியே பெண் கிடைக்கவில்லை. ரஷ்யாவின் சுங்கிர் என்ற இடத்தில் 30,000 ஆண்டுகளுக்கும் முன்பு புதைக்கப்பட்ட, நம்மைப் போன்ற நவீன மனிதர்களோ நெருங்கிய உறவினர்களாக இல்லை. கூட்டம் சின்னதானாலும் மற்ற கூட்டங்களோடு கொள்வினை கொடுப்பினை இருந்திருக்கிறது. அவர்கள் உடையில் ஆயிரக்கணக்கான தந்த மணிகள் தைக்கப்பட்டிருந்தன. யார் பங்காளி, யார் மாமன் மச்சான் என்ற கணக்கும், வருடத்துக்கு ஒருமுறை எல்லோரும் கூடும் இடமும் குளிர்தேசத்தில் உயிர்காக்கும் ஏற்பாடுகள். மே மாதம் சேர்வராயன் கோவில் திருவிழாவுக்கு மலைக்கிராமங்கள் திரண்டு வருவதைப் பார்த்தால் அப்படி ஒரு கூடல் எப்படி இருக்கும் என்று தெரியும்.

இன்னொன்று. இனூயிட்களின் முன்னோர் அலாஸ்காவிலிருந்து கிழக்கே பரவியபோது அங்கே ஏற்கனவே வேறு மக்கள் இருந்தார்கள். அவர்கள் மறைந்துவிட்டார்கள். ஆனால் இனூயிட் கதைகளில் டூனிட் என்ற பெயரில் இருக்கிறார்கள்: பெருத்த பலசாலிகள், ஆனால் கூச்சப்பட்டு விலகி ஓடுகிறவர்கள். பூதமும் அரக்கனும் பிறக்கும் இடம் இதுவாக இருக்கலாம். உங்கள் உலகத்தில் பூதம் வேண்டுமென்றால், முன்பு அங்கே வாழ்ந்த பக்கத்து ஊர்க்காரரை மறந்துபோன நினைவாக வையுங்கள்.

தோல் நிறம் பற்றி

இதைத் தனியாகச் சொல்கிறேன், ஏனென்றால் எனக்கு இதில் வருத்தம் உண்டு. குளிர் தோலை வெளுக்காது. வெயில் குறைவான இடத்தில் வைட்டமின் டி உண்டாக வெளிர்தோல் உதவுகிறது, அவ்வளவுதான். மீனிலும் கடல்விலங்குக் கொழுப்பிலும் அந்தச் சத்தைப் பெற்ற இனூயிட் மக்கள் வெளுத்துப்போகவில்லை. இங்கிலாந்தின் செடர் குகையில் கிடைத்த, பத்தாயிரம் ஆண்டுக்கு முந்தைய மனிதருக்குக் கறுத்த தோல் இருந்திருக்கும் என்று 2018-ல் அறிவித்தார்கள். பனியுகத்துக்குப் பிறகு ஆயிரக்கணக்கான வருடம் மேற்கு ஐரோப்பாவில் கறுப்பான மனிதர்கள் வேட்டையாடினார்கள்.

அதனால் கூதிரர் கறுப்பாகவே இருக்கட்டும். பனிவெளியில் கறுப்பான ஒரு பெண் கலைமான்தோல் உடையில் நடப்பதைத் தமிழில் எழுதுங்கள், புதிதாக இருக்கும். உடம்பை வைத்துக் குணத்தைச் சொல்லவே கூடாது. குளிர்தேசத்தார் உழைப்பாளிகள், வெயில்தேசத்தார் சோம்பேறிகள் என்று எழுதியவர்கள்தான் நம் முன்னோரை ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றினார்கள். மலைமக்களை முரடர்களாகவோ அப்பாவிகளாகவோ மட்டும் காட்டுவதும் அதே தவறு.

ஏழாம் படி: பனிக்குச் சொல்

தமிழில் பனி என்றால் நமக்குப் புல்நுனித் துளி, மார்கழி மூட்டம். முன்பனி, பின்பனி என்று பருவம் பிரித்தது அந்தப் பனியை வைத்துத்தான். வானிலிருந்து பஞ்சாக விழுவதற்கு ஒரு சொல், காலடியில் ஓடுபோல உடைவதற்கு ஒரு சொல், காற்றில் மாவாகப் பறப்பதற்கு ஒரு சொல் நாம் உண்டாக்கிக்கொள்ள வேண்டும். கூட்டுச்சொற்கள் போதும்: ஓட்டுப்பனி, மாவுப்பனி. புரியாத புதுச்சொல்லைவிட இவை வாசகருக்கு உடனே பிடிபடும்.

சின்ன உருண்டைகளாகக் கொட்டும் பனிக்கு முதலில் ஜவ்வரிசிப் பனி என்று எழுதினேன். சேலத்துக்காரிக்கு வேறென்ன தோன்றும்? பிறகு அடித்துவிட்டேன். கூதிரருக்கு மரவள்ளிக்கிழங்கு தெரியாது. மீன்முட்டைப் பனி என்று மாற்றியதும் அந்த வரியே அவர்களுடையதாகிவிட்டது. எழுதி முடித்த பக்கத்தில் உவமைகளை மட்டும் அடிக்கோடிட்டுப் பாருங்கள். தாமரை, தேன், மல்லிகை, நிலா என்று நம்முடையதே வரிசையாக வரும். அவர்கள் கண்ணால் கண்டதாக மாற்றுங்கள். தெற்கிலிருந்து வந்த ஒன்றிரண்டு மட்டும், பொருள் மறந்துபோன பழமொழியாக, மிச்சம் இருக்கலாம்.

எட்டாம் படி: ஒரு நாள் மலையில்

டிசம்பர், ஜனவரியில் ஏற்காட்டில் ஒரு இரவு தங்கி, விடியலில் ஒண்டிக்கடைப் பக்கம் போய் ஒரு மணி நேரம் உட்காருங்கள். உறைபனி இருக்காது, பன்னிரண்டு பதின்மூன்று டிகிரிதான் இருக்கும். ஆனாலும் எழுதிக்கொள்ள நிறைய இருக்கும். போனமுறை நான் எழுதியவை: தலையில் துண்டைச் சுற்றிக் காதை மூடிய பாட்டி டீ டம்ளரை இரண்டு கையாலும் பிடித்திருந்தார், குடிக்கவில்லை, கை சூடாகும்வரை காத்திருந்தார். பேசுகிறவர்கள் வாயைக் கொஞ்சமாகத் திறந்து பேசினார்கள், சொற்கள் குட்டையாக வந்தன. ஒரு நாய் நேற்றைய நெருப்புச் சாம்பல் மேல் சுருண்டு படுத்திருந்தது, மூக்கு வாலுக்குள். பள்ளிக்கூடப் பிள்ளையின் கன்னத்தில் வெள்ளைக் கீறல்போல வெடிப்பு, அதில் தேங்காய் எண்ணெய். உறைந்து வெண்ணெய்போல இருந்த அந்த எண்ணெய்ப் பாட்டிலை அம்மா உள்ளங்கையில் உருட்டிக்கொண்டிருந்தார்.

தெரிந்தவர்கள் அழைத்துப்போனால் மலைக்கிராமத்து வீடு ஒன்றுக்கும் போங்கள். அனுமதி கேட்டுப் பேசுங்கள், கேட்காமல் படம் எடுக்காதீர்கள். நான் போன வீட்டில் அடுப்புக்கு நேர் மேலே பரணில் விதைச் சோளக்கதிர் தொங்கியது, புகைபட்டுக் கறுத்திருந்தது. பூச்சி அண்டாது என்றார் அந்த அம்மா. கூதிரர் வீட்டில் நெருப்புக்கு மேலே எது தொங்கும் என்ற கேள்வியை அங்கிருந்துதான் எடுத்துக்கொண்டு இறங்கினேன். ஊசிப்பெட்டி, உலர்ந்த மீன், பிள்ளையின் தொப்புள்கொடி என்று இதுவரை மூன்று எழுதியிருக்கிறேன்.